ருசி பார்த்து வாங்க: விருந்தாளிகளைக் கொங்கு நாட்டில் கடைவீதி கூட்டிப்போகும் முறை

வெளிநாட்டிலிருந்தோ வெளியூரிலிருந்தோ சொந்தபந்தம் வந்தால் கோயிலுக்கும் அணைக்கும் கூட்டிப்போவதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஊருக்குத் திரும்பும்போது என்ன வாங்கிக் கொடுத்து அனுப்புவது என்பதில்தான் தடுமாற்றம். கடைசி நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கடையில் பாக்கெட் மஞ்சள் தூளும், எங்கே நெய்தது என்றே தெரியாத விரிப்பும், பளபளவென்று மஞ்சள் நிறத்தில் இருக்கும் வெல்லமும் வாங்கிப் பையில் திணித்து அனுப்பிவிடுகிறோம். இத்தனைக்கும் ஈரோட்டைச் சுற்றி 2 நாள் ஒதுக்கினால், விளைகிற இடத்திலும் நெய்கிற இடத்திலும் பார்த்து, ருசித்து, தொட்டு வாங்கலாம்.

கூட்டிப்போகிறவர் ஒரு விதியை மட்டும் கடைசிவரை விடக்கூடாது. எதையும் ஒற்றையாக ருசிக்கக் கொடுக்காதீர்கள், ஜோடியாகக் கொடுங்கள். பசியோடு வந்தவருக்கு எந்த நெய்யும் மணக்கும், எந்தச் சர்க்கரையும் இனிக்கும். பக்கத்தில் இன்னொன்றை வைத்தால்தான் நாக்கு வித்தியாசம் பிடிக்கும். வழக்கமாக வாங்கும் கடைச் சரக்கில் 100 கிராம் வீட்டிலிருந்தே கொண்டுபோய்விட்டால் ஜோடிக்கு அலைய வேண்டியதில்லை.

கிளம்பும் முன்

ஒரு தடவைக்கு 6 முதல் 8 பேர் போதும். அதற்கு மேல் போனால் தறி இருக்கும் வீட்டுக்குள் எல்லோரும் நிற்க முடியாது, ருசி பார்ப்பதும் பந்தி மாதிரி ஆகிவிடும். 8 பேருக்கு 12 சீட் வேன் எடுங்கள், பின்சீட்டு சாமானுக்கு. சின்ன எவர்சில்வர் கரண்டி 15, ஒரே மாதிரி கண்ணாடி டம்ளர் 2, பிளாஸ்கில் வெந்நீர், தண்ணீர் கேன், அரைக் கிலோ பொரி, வெள்ளைப் பருத்தித் துணி ஒரு முழம், தொங்கவிட்டு எடை பார்க்கும் சின்ன தராசு, ஒட்டுவதற்குத் தாள், மார்க்கர் பேனா, ஒரு ஐஸ் பெட்டி. பொரி எதற்கென்றால், ஒன்றை ருசித்து அடுத்ததற்குப் போகும் முன் ஒரு பிடி மென்று தண்ணீர் குடித்தால் வாயில் பழைய ருசி நிற்காது. காபி, டீயை எல்லா ருசியும் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மாசி, பங்குனி தோதான மாதங்கள். புது மஞ்சள் மார்க்கெட்டுக்கு வந்திருக்கும், தேங்காய்க் கொப்பரை காயவைக்க நல்ல வெயில் இருக்கும், காலையில் தெளுவும் (பதநீர்) கிடைக்கும். தை பிறப்பதற்கு முந்தைய 10 நாளில் வெல்ல ஆலைகள் மும்முரமாக ஓடும். பார்க்க அது நல்ல காலம்தான், ஆனால் ஆலைக்காரருக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது. தீபாவளி, பொங்கலை ஒட்டிக் கைத்தறிச் சங்கங்களில் தள்ளுபடி உண்டு. அந்த நாட்களில் திருப்பூர் பக்கம் மட்டும் போகாதீர்கள், நடக்க இடம் இருக்காது.

கமிஷன் விஷயத்தைக் கிளம்பும் போதே பேசி முடித்துவிடுங்கள். வண்டிக்காரர் தானாக நிறுத்தும் கடையில் அவருக்கு ஒரு பங்கு இருப்பது ஊரறிந்த சங்கதி, அது விலையில்தான் ஏறும். "அண்ணா, கடையெல்லாம் நாங்க சொல்ற இடத்துல நிறுத்துங்க, உங்களுக்குத் தனியாப் படி குடுத்தர்றோங்க" என்று முதலிலேயே சொல்லி, சொன்னபடி கொடுத்துவிட்டால் 2 நாளும் முகம் கோணாமல் வருவார். நீங்களே கூலிக்குக் கூட்டிப்போகிறவர் என்றால் கடையில் பங்கு வாங்காதீர்கள். வாங்குகிறீர்கள் என்றால் விருந்தாளியிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் நாள் காலை: ஈரோட்டில் மஞ்சள்

ஏலம் பார்க்க வேண்டுமானால் திங்கள் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளாகப் பாருங்கள், சனி ஞாயிறு யார்டு வெறிச்சோடிக் கிடக்கும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் மூட்டை மூட்டையாக மாதிரி வைத்திருப்பார்கள். வியாபாரிகள் ஒரு கொம்பை எடுத்து ஒடித்து, முகர்ந்து, விலை குறிப்பார்கள். சில்லறையாக நமக்கு அங்கே கிடைக்காது, உரிமம் பெற்ற வியாபாரிகளுக்குத்தான். ஆனாலும் வந்தவர்களுக்கு அந்த ஒடித்துப் பார்க்கும் வித்தையை அங்கே காட்டிவிட்டால், அடுத்து மண்டியில் வாங்கும்போது அவர்களே செய்வார்கள். வழியில் நின்று போட்டோ எடுப்பதை மட்டும் தடுத்துவிடுங்கள்.

ஈரோடு மஞ்சள் 2019ல் புவிசார் குறியீடு பெற்றது. கடையில் விரலி, கிழங்கு என்று 2 ரகமாகப் பிரித்திருப்பார்கள். நீளமாக விரல் போல் இருப்பது விரலி, உருண்டையாக இருக்கும் தாய்க்கிழங்கு மற்றது. சமையலுக்கு விரலி வாங்குங்கள், பெரும்பாலும் விலையும் அதற்குத்தான் கொஞ்சம் கூடுதல். கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "ஏனுங்கண்ணா, இது இந்த வருசத்து மஞ்சளுங்களா, குடோன்ல இருந்த பழசுங்களா?" மஞ்சளை வருசக்கணக்கில் இருப்பு வைத்து விற்பது இங்கே சாதாரணம். பழசு என்றால் கெட்டது என்று அர்த்தமில்லை. வண்டு துளைத்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஒரு பிடி அள்ளி வெள்ளைத் துணியில் தட்டுங்கள். மாவு மாதிரி உதிர்ந்தாலோ, குண்டூசி முனை அளவு ஓட்டை தெரிந்தாலோ அந்த மூட்டை வேண்டாம்.

நன்றாகக் காய்ந்த விரலியை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று சத்தம் வரும். ஒடித்தால் சட்டென்று முறியும், உள்ளே ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம் ஓரம்வரை ஒரே சீராக இருக்கும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது, வீட்டில் பூஞ்சை பிடிக்கும். மேல்தோல் கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக இருந்தால் சந்தேகப்படுங்கள். மெருகு போடும்போது நிறம் சேர்ப்பவர்கள் உண்டு, அந்த நிறத்தில் ஈயம் கலந்திருந்தால் உடம்புக்கு ஆகாது. கையோடு கொண்டுபோன 2 கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, 2 கடை மஞ்சளையும் டம்ளருக்கு ஒரு துண்டாகப் போட்டு வையுங்கள். நல்ல கொம்பு போட்ட தண்ணீர் தெளிவாக இருக்கும். நிறம் ஏற்றியது போட்ட உடனே தண்ணீரை மஞ்சளாக்கிவிடும். தூளுக்கும் இதே டம்ளர் உதவும்: நல்ல தூள் லேசான மஞ்சளோடு அடியில் படியும், கலப்படத் தூள் படியும்போதே தண்ணீரை அடர்ந்த மஞ்சளாக்கும்.

ருசிக்கு மஞ்சள் பால். 200 மி.லி. பாலுக்குக் கால் டீஸ்பூன் தூள், 2 சிட்டிகை மிளகுத்தூள், 3 நிமிடம் கொதி. இனிப்பு சேர்க்காமல் முதல் 2 வாய் குடிக்கச் சொல்லுங்கள். ஒரு டம்ளரில் மண்டியில் வாங்கி அரைத்தது, இன்னொன்றில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாக்கெட் தூள். புதுசில் இஞ்சியை நறுக்கியது போன்ற வாசம் தூக்கலாக வரும். நாள்பட்டதில் நிறம் இருக்கும், வாசம் இருக்காது.

ஊருக்கு எடுத்துப்போகக் கொம்பாகவே வாங்கித் தருவது நல்லது. குடும்பத்துக்கு 1 கிலோ தாராளம், காற்றுப் புகாத டப்பாவில் வருசம் தாண்டும். அரைத்துத்தான் வேண்டும் என்றால், மஞ்சள் மட்டும் அரைக்கும் மில்லாகப் பாருங்கள். மிளகாய் அரைத்த மில்லில் முதல் ஈடு காரம் ஏறித்தான் வரும். அரைத்த தூள் கை பொறுக்காத சூட்டில் வரும், தாம்பாளத்தில் பரப்பி முழுக்க ஆறிய பிறகு கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்து, ஒரு மாதத்தில் கட்டி பிடித்துவிடும்.

கவுந்தப்பாடிப் பக்கம்: ஆலைக்கொட்டகை

ஈரோட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கவுந்தப்பாடி. அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சனிக்கிழமை நாட்டுச்சர்க்கரை ஏலம் நடக்கும், மூட்டை 60 கிலோ. பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்கும் இங்கிருந்து சர்க்கரை போகிறது. வந்தவர்களுக்கு ஏலத்தை விட ஆலைக்கொட்டகைதான் காட்ட வேண்டிய இடம். முதல் நாளே போன் போட்டு அடுப்பு எரிகிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். கரும்பு வராத நாளில் பாகு காய்ச்சும் வெறும் கொப்பரையைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

சாறு பிழிந்து பெரிய கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுவார்கள், எரிப்பது சாறு பிழிந்து காய்ந்த சக்கை. காய்ச்சும்போது சுண்ணாம்பு சேர்த்தால் அழுக்கு நுரையோடு மேலே வரும், அதை அரித்து எடுத்துக்கொண்டே இருப்பார்கள். பாகு பதம் வந்ததும் மரத்தொட்டியில் ஊற்றி ஆறவிட்டு, மரக்கட்டையால் தேய்க்கத் தேய்க்கப் பொலபொலவென்று சர்க்கரையாக உதிரும். அச்சில் ஊற்றினால் அச்சுவெல்லம், கையில் பிடித்தால் உருண்டை. 100 கிலோ கரும்புக்கு ஏறக்குறைய 10 கிலோதான் தேறும். இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டால் விருந்தாளி விலை பேரம் பேசுவதைக் குறைத்துக்கொள்வார். குழந்தைகளைக் கொப்பரையிலிருந்து 2 ஆள் நீளம் தள்ளி நிறுத்துங்கள். பாகு கொதிநீரை விடச் சூடு, மேலே பட்டால் ஒட்டிக்கொள்ளும்.

இங்கே ஜோடி: அடர்ந்த பழுப்பில் ஒன்று, வெளிறிய மஞ்சளில் ஒன்று. வெளிறிய நிறத்துக்கு ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் மருந்து போடுவது பழக்கமாகிவிட்டது, வாங்குகிறவர்கள் வெள்ளையாகக் கேட்பதால்தான் போடுகிறார்கள். நாக்கில் வைத்துக் கரையவிடச் சொல்லுங்கள், மெல்லக்கூடாது. நல்ல சர்க்கரையில் இனிப்புக்குப் பின்னால் லேசாக ஒரு உப்பும் கரும்பு வாசமும் நிற்கும். மருந்து கூடிப்போனதில் தொண்டையில் ஒரு கரகரப்பு, மூக்கில் கந்தக நெடி. இன்னொரு கலப்படம் அஸ்கா என்கிற வெள்ளைச் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சுவது. உள்ளங்கையில் பரப்பி வெயிலில் திருப்பினால் கண்ணாடித் துகள் மாதிரி மின்னுவது அஸ்கா. ஒரு கரண்டி போட்டு வெந்நீரில் கலக்கி 5 நிமிடம் விட்டால் அடியில் மண்ணோ சுண்ணாம்போ எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். கொஞ்சம் படியத்தான் செய்யும், ஆலையில் செய்வது அப்படித்தான். கால் அங்குலம் படிந்தால் வேண்டாம்.

வாங்கித் தரும்போது 2 விஷயம் சொல்லி அனுப்புங்கள். கொதிக்கும் பாலில் போட்டால் திரிந்துவிடும், அடுப்பை அணைத்துக் கொஞ்சம் ஆறிய பிறகு போட வேண்டும். மழைக்காலத்தில் கசியும், எனவே துணிப்பையில் வைக்கக்கூடாது.

பவானி ஜமக்காளம்

மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பவானிக்குப் போங்கள். காவிரியும் பவானியும் கூடும் கூடுதுறையில் கால் நனைத்துவிட்டு, 3 மணிக்கு மேல் தறிக்குப் போவது சரியான நேரம். நெசவாளர் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயரும் வேளையில் கதவைத் தட்டுவது மரியாதையில்லை.

பவானி ஜமக்காளம் தமிழ்நாட்டில் முதன்முதல் புவிசார் குறியீடு வாங்கிய பொருள்களில் ஒன்று. குழித்தறியில், முரட்டுப் பருத்தி நூலில், குறுக்கே பட்டை பட்டையாக நிறம் ஓடும். குறுக்கே ஓடும் ஊடை நூல்தான் மேலே தெரியும், நெடுக்கே ஓடும் பாவு அதற்குள் மறைந்துவிடும். அந்த நெருக்கம்தான் இதன் கனத்துக்குக் காரணம். தறியில் பாவு மேல் கை வைக்கும் முன் கேளுங்கள்: "அக்கா, தொட்டுப் பாக்கலாங்களா?" வடையோ சிக்கனோ தின்ற கையோடு தொட்டால் எண்ணெய்க் கறை நூலில் ஏறிவிடும், நெய்கிறவருக்கு அது நஷ்டம்.

இங்கேதான் கவனம் அதிகம் தேவை. விசைத்தறியில் ஓட்டிய விரிப்புகள் இதே பட்டை, இதே நிறத்தில் பாதி விலைக்கு ஊர் முழுக்கக் கிடைக்கும். 1985ம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கு என்று ஒதுக்கியும் நிலைமை இதுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போடுங்கள். முதலில் எடை: ஒரே அளவில் கைத்தறி தூக்கலாக இருக்கும், தராசில் மாட்டிப் பாருங்கள். அடுத்து விரலால் ஊடை நூலை ஓரமாகத் தள்ளுங்கள். கைத்தறியில் அசையாது. மலிவில் நூல் விலகி உள்ளே பாவு பல்லிளிக்கும். ஓரக் கரையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். துணி சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் குச்சியின் ஊசித்துளைகள் இடைவெளி விட்டு விட்டு இருந்தால் அது கையால் நகர்த்தி வைத்தது. விசைத்தறியில் துளை ஒரே சீராக ஓடிக்கொண்டே போகும். கரையில் அங்கங்கே ஒரு நூலளவு ஏற்ற இறக்கம் இருப்பது குறையல்ல. ஆனால் தரையில் விரித்தால் 4 மூலையும் படிந்து கிடக்க வேண்டும். ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றால் இழுவை சமமில்லை, துவைத்தாலும் சரியாகாது.

சாயத்துக்கு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, சிவப்புப் பட்டையிலும் கறுப்புப் பட்டையிலும் 15 தடவை அழுத்தித் தேயுங்கள். லேசாக ஒட்டினால் பரவாயில்லை, முதல் அலசலில் போய்விடும். துணி முழுக்கச் சிவந்தால் வாங்காதீர்கள். கடைக்காரர் முகம் சுளித்தால், "தப்பா நெனச்சுக்காதீங்க, வெளிநாட்டுக்குப் போற சாமானுங்க" என்றால் போதும், அவரே இன்னொரு துணியை எடுத்து நீட்டுவார்.

பூவேலை, பெயர் எழுத்து போட்டு மினுமினுப்பாக இருப்பதைப் பட்டு ஜமக்காளம் என்பார்கள். அதில் இருப்பது செயற்கைப் பட்டு நூல். சுவரில் மாட்டவும் கல்யாணச் சீருக்கும் அழகு, தினசரி படுத்துப் புரள்வதற்குப் பருத்திதான். ஒரு ஆள் படுக்க 3க்கு 6 அடி, குடும்பமாக உட்கார 6க்கு 9 அடி. கைத்தறிச் சங்கக் கடையில் முத்திரையும் பில்லும் கிடைக்கும். நெசவாளர் வீட்டில் நேராக வாங்கினால் பணம் முழுக்க அவர் கைக்கே போகும், ஆனால் கையிருப்பில் நிறங்கள் குறைவு. இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. முதல் அலசல் பச்சைத் தண்ணீரில், தனியாக, நிழலில் காயவைத்து. கட்டும்போது மடிக்காமல் சுருட்டுங்கள். மடிப்புக் கோடு நாள்பட்டால் நூலை அறுக்கும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு, ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பள்ளிபாளையம் பெயரில் ஓடும் சிக்கனை வாங்கிக் கொடுங்கள். வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், இவ்வளவுதான் அதன் சூட்சுமம். மசாலாத் தூள் வாசம் அடித்தால் அது வேறேதோ. கறி தின்னாதவர்களுக்கு அரிசி பருப்புச் சாதம், மேலே ஒரு கரண்டி நெய்.

இரண்டாம் நாள்: எண்ணெய், நெய், பனியன்

காலை 7 மணிக்குக் கிளம்பினால் வழியில் பனைமரத்தடியில் தெளுவு கிடைக்கும். வெயில் ஏறும் முன் குடித்தாக வேண்டும், நேரமாக ஆகப் புளிக்கும். சென்னிமலையில் போர்வையும் படுக்கை விரிப்பும் கூட்டுறவுச் சங்கங்களில் வாங்கலாம். ஜமக்காளத்துக்குச் சொன்ன சாயச் சோதனையே போதும், அரை மணி நேரத்துக்கு மேல் இங்கே வேண்டாம். மலைக்கோயில் ஏற ஆசைப்படுகிறவர்களுக்குத் தனி நாள் வையுங்கள்.

காங்கேயத்தில் நிதானமாக நில்லுங்கள். சுற்றுவட்டாரக் களங்களில் வெள்ளை வெளேரென்று கொப்பரை காயும். முறையாகக் காய்ந்ததை ஒடித்தால் டப்பென்று முறியும், ஈரமானது ரப்பர் மாதிரி வளையும். வெண்மைக்காகக் கந்தகப் புகை போட்டதும் உண்டு, மூக்கருகே கொண்டுபோனால் நெடி காட்டிக்கொடுக்கும். ஈரக் கொப்பரையில் பூஞ்சை ஏறி, எண்ணெய் ஒரே மாதத்தில் காறிவிடும். அதனால் செக்குக்குப் போனால் எண்ணெய் டின்னுக்கு முன்னால் கொப்பரை மூட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

மரச்செக்கு என்று போர்டு வைத்த இடமெல்லாம் செக்கு ஓடுவதில்லை. விலையை வைத்து ஒரு கணக்குப் போட்டால் விஷயம் தெரிந்துவிடும். 1 கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 1.6 முதல் 1.7 கிலோ கொப்பரை வேண்டும். கணக்குக்காகக் கொப்பரை கிலோ 200 ரூபாய் என்று வையுங்கள், கொப்பரைக் காசு மட்டுமே 320க்கு மேல் போகிறது. புண்ணாக்கு விற்றுக் கொஞ்சம் திரும்பினாலும் செக்கில் ஆட்டும் கூலி அதைத் தின்றுவிடும். அப்படியிருக்க 260க்கு எண்ணெய் தருகிறேன் என்றால் அதில் கொப்பரை மட்டும் இல்லை. கடலை எண்ணெய் 1 கிலோவுக்கு ஏறக்குறைய 2.5 கிலோ பருப்பு. அன்றைய கொப்பரை, பருப்பு விலையை வண்டியிலேயே கேட்டு வைத்துக்கொண்டு இறங்குங்கள். லிட்டரா கிலோவா என்பதையும் கேளுங்கள், 1 லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 920 கிராம்தான் நிற்கும்.

ருசிக்கு உப்பு குறைத்த சூடான இட்லி, 8 பேருக்கு ஒரு டஜன். ஒரு பாதியில் செக்குக் கடலை எண்ணெய், மறுபாதியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரீஃபைண்டு. முதலில் வெறும் இட்லி, பிறகு எண்ணெய், அதற்குப் பிறகுதான் பொடி. பொடியை முதலிலேயே போட்டால் 2 எண்ணெயும் ஒன்றாகிவிடும். தேங்காய் எண்ணெயைப் பிரிட்ஜில் வைத்துப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும்: ஒரு மணி நேரத்தில் முழுக்க உறைந்தால் நல்லது, மேலே திரவமாக ஒரு அடுக்கு நின்றால் வேறு எண்ணெய் சேர்ந்திருக்கிறது. ஆனால் பாம் கெர்னல் எண்ணெயும் உறையும், பிரிட்ஜுக்கு அது அகப்படாது. அதனால் விலைக் கணக்கைத்தான் அதிகம் நம்ப வேண்டும்.

செக்கிலிருந்து அப்போதே இறங்கிய எண்ணெயை வாங்க எல்லோருக்கும் ஆசை. அது கலங்கலாக இருக்கும், 3 நாளாவது மண்டி படிந்து தெளிய வேண்டும். பிரயாணம் போகிறவருக்கு ஏற்கெனவே தெளிந்ததை வாங்கிக் கொடுங்கள்.

அங்கிருந்து ஊத்துக்குளி, வெண்ணெய்க்கும் நெய்க்கும். எருமை வெண்ணெய் வெள்ளையாகவும் பசு வெண்ணெய் மஞ்சளாகவும் இருக்கும், நிறத்தை வைத்து மட்டம் தட்ட வேண்டாம். 1 கிலோ வெண்ணெய் உருக்கினால் 800 கிராம் அளவுக்கு நெய் தேறும். இங்கேயும் அதே கணக்குத்தான், 1 கிலோ நெய் விலை 1¼ கிலோ வெண்ணெய் விலைக்குக் கீழே வர வழியில்லை. ருசிக்குச் சூடான வெறும் சோறு 2 கவளம், ஒன்றில் இந்த நெய், மற்றதில் பாக்கெட் நெய். முருங்கைக்கீரை போட்டு இறக்கியதில் கீரை கருகிய வாசம் வந்தால் அடுப்பில் ஒரு நிமிடம் கூடிவிட்டது, குறை நெய்யில் இல்லை என்றாலும் வேறு டின் கேளுங்கள். வெண்ணெய்யில் கிழங்கு மசித்துச் சேர்த்திருக்கும் சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு டிங்க்சர் அயோடின் விட்டால் நீலம் பாரிக்கும். ருசித்த வெண்ணெய் எவ்வளவு பிடித்திருந்தாலும் மறுநாள் பிரயாணம் போகிறவருக்கு வாங்கித் தராதீர்கள். ஐஸ் பெட்டி ராத்திரி வரைதான் தாங்கும், நெய்தான் தோது.

சாயங்காலம் திருப்பூர், ஸ்டேஷன் பக்கத்துக் காதர்பேட்டை. ஏற்றுமதியில் மிஞ்சியது, செகண்ட்ஸ், உள்ளூருக்கென்றே தைத்தது, எல்லாம் ஒரே குவியலில் கிடக்கும். சில கடைகள் லாட்டாக, அதாவது மொத்தமாகத்தான் தரும், 8 பேரும் சேர்ந்து வாங்கினால் லாட் விலை கிடைத்துவிடும். டி-சர்ட்டை 2 பக்கத் தையலும் ஒன்றன்மேல் ஒன்று வருகிற மாதிரி மடியுங்கள். அடிமடிப்பு நேராக வராவிட்டால் துவைத்ததும் வயிற்றுப் பக்கம் முறுக்கிக்கொள்ளும். தையலை 2 கையாலும் இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து ஊசி ஓட்டை இருக்கிறதா பாருங்கள். பிரிண்ட்டை இழுத்தால் விரிசல் விடக்கூடாது. சாதாரணமாகப் போட 160 முதல் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) துணி கேளுங்கள். அளவு ஸ்டிக்கரை நம்பாமல் போட்டிருக்கும் சட்டையின் மேல் வைத்துப் பார்ப்பதே மேல், வேற்று நாட்டு அளவில் தைத்தது நம் அளவோடு ஒத்துப்போகாது.

கட்டுமானம்

ராத்திரியே மூட்டை கட்டிவிட வேண்டும். மஞ்சளும் ஜமக்காளமும் ஒரே பையில் சேரக்கூடாது, தூள் கசிந்தால் அந்தக் கறை போகாது. எண்ணெய், நெய் பாட்டில்களை வாய்வரை நிரப்பாமல் 2 விரல் இடம் விட்டு, மூடிக்குக் கீழே பிளாஸ்டிக் தாள் வைத்துத் திருகி, தனித்தனி கவரில் போட்டு, பனியன் துணியில் சுற்றி, பையின் நடுவில் நிறுத்துங்கள். ஒவ்வொன்றிலும் என்ன, எந்த ஊர், வாங்கிய தேதி என்று எழுதி ஒட்டுங்கள். சர்க்கரை எண்ணெய்க்குப் பக்கத்தில் இருந்தால் வாசத்தை இழுத்துக்கொள்ளும், தள்ளி வையுங்கள்.

கோவையிலிருந்து விமானம் என்றால் நெய்யும் எண்ணெயும் கைப்பையில் போகாது, பெரிய பையில்தான். அதிலும் எவ்வளவு விடுவார்கள் என்பதை விமானக் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொப்பரையை எந்தப் பையிலும் விடமாட்டார்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் சரக்கு என்ற கணக்கில் வைத்திருக்கிறார்கள். களத்தில் யாராவது ஆசையாக 2 மூடி அள்ளிக் கொடுத்தால் அன்றைக்கே தின்றுவிடுவதுதான் வழி. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் பால் பொருளுக்கு அந்த நாட்டில் அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டு நெய் எடுக்க வேண்டும், கொண்டுபோகும் தின்பண்டங்களை இறங்கும்போது படிவத்தில் மறைக்காமல் எழுதவும் வேண்டும். உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான். 6க்கு 9 ஜமக்காளம் ஒன்றே அதில் கணிசமான எடையைத் தின்றுவிடும். அதைத் தனியாகச் சுருட்டிச் சாக்கில் தைத்து, ஈரோட்டிலிருந்தே லாரி பார்சலிலோ தபாலிலோ வீட்டு விலாசத்துக்கு அனுப்பி, ரசீதைப் போட்டோ எடுத்து விருந்தாளியின் போனுக்கு அனுப்பிவிடுங்கள்.